பதிவு இல்லை

ஆபீசில் அவளைத் தந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் நாலே வார்த்தையில் முடித்துவிடுவாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்த ஒரு நாள், அதைக் கொண்டுவந்து கொடுத்த தம்பியின் காதில் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டிலும் அவள் தந்திதான். அம்மாகூட சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அப்பா போன பிறகு வீட்டில் மூன்றே பேர். அம்மா, அவள், தம்பி. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் கலைந்துபோன பிறகு, அவள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு வாய் ஓயாது. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து பேசிக்கொண்டே வேலை செய்வான். உள்ளே இருக்கிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அக்காவின் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அவன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வான்.

"ஒரு கம்ப்யூட்டர் கேள்வி கேக்கும், இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்லும். அந்தப் பதிலை எப்படி மரியாதையா சொல்லணும்னு சொல்லிக்கொடுக்கிறதுதான் எங்கக்கா வேலை. அதுக்குன்னு ஒரு ஆபீஸ், ஒரு ஏசி ரூம். ஆனா வீட்ல நாம ஏதாவது கேட்டா பதிலே வராது."

கிண்டலாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னான். அவள் வேலை செய்த கம்பெனி ஊரிலுள்ள மருத்துவமனைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு தேடல் வசதி செய்து கொடுத்திருந்தது. ஒரு மருத்துவமனையின் விசாரணைக் கவுண்டரில் ஒரு பெயரைத் தட்டினால் போதும். ஊரிலுள்ள எல்லா மருத்துவமனைகளின் சர்வர்களிடமும் அந்தக் கேள்வி போகும். அங்கங்கே சேர்க்கப்பட்டிருக்கும் நோயாளிகளின் பட்டியல் வரும். அதில் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும், எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் தந்தி எழுதிய கம்ப்யூட்டர் கோடில் இருந்தது. நோய் என்ன என்பது காட்டப்படாது. பெயர், வயது, வார்டு மட்டும் வரும். பெயர் கட்டாயம். பெயர் இல்லாமல் ஒரு பதிவு வந்தால் அது தப்பான பதிவு என்று முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பிவிட்டுக் கூச்சல் போடும்படி எழுதியிருந்தாள். கூச்சல் கேட்டால் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், சரிசெய்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

அந்தக் கூச்சல் என்பது திரையில் வரும் ஒரு மஞ்சள் வரி. 'இந்த மருத்துவமனையிலிருந்து சரியான பதில் வரவில்லை. தேடல் முழுமையாகவில்லை. நேரில் விசாரிக்கவும்.' இதை எழுதுவதற்கு மட்டும் அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். கேட்கிறவர்கள் பயந்துவிடவும் கூடாது, ஏமாந்துவிடவும் கூடாது என்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

மருத்துவமனை அதிபர்களுக்கு அந்த வசதியைப் போட்டுக் காட்டிய அன்றைக்கே வந்தது வினை. முதல் தேடலிலேயே மஞ்சள் வரி வந்துவிட்டது. அந்த வரியில் பெயர் வந்த மருத்துவமனையின் அதிபர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அந்த மஞ்சள் வரி இனிமே வரக் கூடாது. தேடுற ஆள் இருந்தா காட்டணும். இல்லன்னா பதிவு இல்லைன்னு சொல்லணும். நடுவுல இந்த வழவழா கொழகொழா எதுக்கு?"

தந்தி எழுந்து நின்றாள். "இல்லைங்கிறது வேற. தெரியலைங்கிறது வேற சார்."

"தத்துவமெல்லாம் வீட்ல வச்சுக்கோம்மா."

"நம்பி வீட்டுக்குப் போயிடுவாங்க சார்."

"அப்ப எழுத மாட்டேங்கிற?"

"மாட்டேன்."

மேனேஜர் அவளைத் திட்டவில்லை. வேலையை அவளிடமிருந்து எடுத்துப் பூனையிடம் கொடுத்தார். பூனை என்பது அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரன். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, அவ்வளவு சாது. அவன் அன்று சாயங்காலமே வேலையை முடித்துவிட்டான். எந்த இடத்தில் எந்தப் பிழை வந்தாலும் அதைப் பிடித்து வாயைப் பொத்தி, காலிப் பட்டியலாக மாற்றி, எல்லாம் நல்லபடி நடந்தது என்று முத்திரை குத்தி அனுப்பும் ஒரு சின்னத் துண்டுக் கோட். எழுதி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே, "எனக்கு வேற வழி தெரியல, தந்தி" என்றான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அம்மா துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. மஞ்சள் வரி வராததை எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு நாள் காலை, வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்த ரயில் ஒன்று தடம் புரண்டது. தம்பி தினமும் போகிற ரயில் அது. ஆபீசில் யாரோ போனில் பார்த்துச் சொன்னார்கள். தந்தி அவனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். பையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள்.

விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத்தான் முதலில் போனாள். வாசலில் ஆம்புலன்ஸ்கள் முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே யாரையும் விடவில்லை. விசாரணைக் கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பெண் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். தந்தி தம்பியின் பெயரைச் சொன்னாள். தட்டினாள். வந்தது: 'பதிவு இல்லை.'

"எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்லைங்க. எல்லாத்தையும் சேர்த்துத்தான் தேடும் இது. வீட்டுக்குப் போய் இருங்க, அவரே வந்துடுவாரு."

'பதிவு இல்லை' என்ற அந்த வார்த்தைகள் எப்படிப் பிறந்தன என்று அந்தக் கூட்டத்திலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் அந்த நிமிடம் அவளும் மற்றவர்களைப் போலத் திரையை நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் உண்மை. எந்த மருத்துவமனையிலும் இல்லை என்றால் அடிபடவில்லை என்றுதானே அர்த்தம்? போன் உடைந்திருக்கும். கூட்டத்தில் எங்கேயாவது அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நிற்பான், அவன் புத்தி அப்படித்தான். அம்மாவுக்குப் போன் செய்து, "எங்கயும் இல்லம்மா. நல்லதுதான்" என்றாள்.

தண்டவாளம் வரை நடந்தாள். அங்கே அவன் இல்லை. கிரேன் ஒன்று ஒரு பெட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னலில் ஒரு துணிப்பை மாட்டிக்கொண்டு ஆடியது. அவள் அங்கே நிற்க முடியாமல் இன்னொரு மருத்துவமனைக்கு ஓடினாள். பதிவு இல்லை. அடுத்ததற்குப் போனாள். பதிவு இல்லை. அவன் கம்பெனிக்குப் போன் செய்தாள். வேலைக்கு வரவில்லை என்றார்கள். அம்மா நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் தந்திக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், போன் அடிக்க அடிக்கக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் கால் போன போக்கில் நடந்தவள், மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் அந்த முதல் மருத்துவமனைக்கே வந்து நின்றாள்.

கவுண்டரில் கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. அவளுக்கு முன்னால் காவலாளிச் சீருடையில் ஒருவர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் மகளும் ஒன்றாக ரயிலில் வந்தவர்கள். மனைவி கிடைத்துவிட்டாள். மகளைக் காணோம்.

"பதிவு இல்லைங்க, எத்தனை தரம் சொல்றது?" என்றாள் கவுண்டர்க்காரி.

"சரி, என் பொண்டாட்டி பேரைப் போடும்மா. போட்டுத்தான் பாரேன்."

அவள் அலுத்துக்கொண்டே தட்டினாள். "பதிவு இல்லை."

"பதிவு இல்லையா? மாடியில கட்டில்ல படுத்திருக்கா. இப்பதான் அவளுக்குத் தண்ணி குடுத்துட்டு வரேன். அப்ப நான் யாருக்குக் குடுத்தேன், பேய்க்கா?"

வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். தந்தி எட்டித் திரையைப் பார்த்தாள். ஒரு பெயர் விடுபடலாம். எழுத்துப் பிழை இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் வந்த வேகமும் வெறுமையும் அவளுக்குத் தெரிந்தவை. இந்த மருத்துவமனையின் பட்டியலே வரவில்லை. காலையிலிருந்து யாருக்குமே வரவில்லை.

சுவர் ஓரமாகப் போய் நின்று பூனைக்குப் போன் போட்டாள்.

"தந்தி? தம்பி கிடைச்சானா?"

"லாக் ஃபைலைத் திற. பிழையை மட்டும் பாரு."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"பூனை, பேசு."

"நிறைய இருக்கு. காலையில இருந்து. மூணு ஆஸ்பத்திரியில இருந்து வர்ற எல்லாப் பட்டியலும் திரும்பிப் போயிருக்கு. எல்லாம் ஒரே பிழைதான். பெயர் கட்டாயம், ஆனா பெயர் இல்லைன்னு."

அவளுக்குப் புரிந்தது. நினைவில்லாமல் வந்தவர்கள். யார் என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள். அவர்களுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், வேறு என்ன செய்வார்கள்? ஒரு மருத்துவமனையில் அப்படி ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும். அவருக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து காணாமல் போய்விட்டார்கள். பட்டியலைத் திருப்பி அனுப்பச் சொன்னது அவள் எழுதிய கோட். அதைச் சத்தமில்லாமல் விழுங்கியது பூனை எழுதியது.

"அவங்க அனுப்பின பட்டியலை நேரா எடுத்துப் படி."

"அதைத் திறக்க எனக்கு அனுமதி இல்ல, தந்தி. மேனேஜர் வெளியில இருக்காரு, போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

"படிடா."

அவள் அவனை ஒருநாளும் டா போட்டுப் பேசியதில்லை. அவன் படித்தான். பெயர் பெயராகப் படித்தான். நடுவில் நிறுத்தினான். பிறகு தம்பியின் பெயரை, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல், அப்பாவின் பெயரோடு சேர்த்துப் படித்தான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"நீ இப்ப எங்க இருக்க?"

அவள் சொன்னாள்.

"அங்கதான், தந்தி. பின்பக்கக் கட்டடம். அறுவை சிகிச்சை வார்டு."

அவள் ஓட ஆரம்பித்தாள். ஓடிக்கொண்டே போனில் கத்தினாள்: "அந்த மஞ்சள் வரியைத் திரும்பப் போடு! இங்க அத்தனை பேரும் காலையில இருந்து நிக்கிறாங்க!"

பூனை என்ன செய்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் கேட்காமல், தான் எழுதிய துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பழைய வரியைத் திரும்பப் போட்டான். பெயர் இல்லாத இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று வரும்படி மாற்றினான். ஒரு பதிவு கெட்டுப்போனால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் காட்டும்படியும் செய்தான். கவுண்டரில் இருந்த பெண் அடுத்த பெயரைத் தட்டியபோது திரை நிறைய ஆட்கள் வந்தார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, ஏற்கெனவே 'இல்லை' என்று சொல்லி அனுப்பியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். காவலாளியின் மகள் ஊரின் மறுகோடியில் வேறொரு மருத்துவமனையில் தோள் எலும்பு முறிந்து கிடந்தாள்.

பின்பக்கக் கட்டடத்தின் வாசலில் தந்தியைத் தடுத்தார்கள். தம்பியின் பெயரையும் வார்டையும் சொன்னதும் ஒரு நர்ஸ் வெளியே வந்தாள்.

"நீங்கதான் அக்காவா?"

தந்தி தலையாட்டினாள்.

"எங்க இருந்தீங்க இவ்வளவு நேரம்? காலையில நல்லாப் பேசிட்டு இருந்தாருங்க. பக்கத்துக் கட்டில்காரங்களை எல்லாம் சிரிக்க வச்சுட்டு இருந்தாரு. உங்க நம்பர் கேட்டோம். போன்ல இருக்கு, போன் நொறுங்கிடுச்சு, மனசுல ஒரு நம்பரும் இல்லன்னாரு. பதிவு பண்ணியாச்சு, தேடினா உடனே கிடைச்சிடும், கவலைப்படாதீங்கன்னு நாங்கதான் சொன்னோம். அது எங்கக்கா பண்ணினதுதான், அவ என்னைக் கண்டுபிடிக்காம யாரு கண்டுபிடிப்பான்னு சொன்னாரு."

"இப்ப எப்படி இருக்கான்?" என்றாள் தந்தி.

"உள்ளுக்குள்ள ரத்தக் கசிவு இருந்திருக்கு. திடீர்னு மோசமாயிடுச்சு. உச்சிவேளைக்கு ஆபரேஷனுக்குக் கொண்டுபோனாங்க. இன்னும் கண் முழிக்கல."

அவள் காலையில் முதல் தடவை கவுண்டரில் நின்றபோது அவன் பின்னால் இருந்த கட்டடத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். நடுவில் ஒரு முற்றமும் இரண்டு கதவுகளும்தான். அவள் தண்டவாளத்தில் கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். யார் வந்தாலும் அக்கா என்று நினைத்திருப்பான்.

அவனைப் பார்க்க விட்டார்கள். வாயில் குழாய் இருந்தது. கையைப் பிடித்தாள், கதகதப்பாக இருந்தது. நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. அவளுக்கு ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது. அவன் இடத்தில் அவள் கிடந்தால் அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்திருப்பான். அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "வந்துட்டேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்மா வந்து சேர்ந்தாள். இருவரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு தம்பி கண் விழிக்காமலே போய்விட்டான்.

டாக்டர் நல்ல மனுஷன். தந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க காலையிலேயே வந்திருந்தாலும் இதே சிகிச்சைதான்மா. இதே முடிவுதான் வந்திருக்கும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் அதைக் கேட்டு, சிகிச்சையில் எதுவும் மாறியிருக்காது, ஒரு காலை முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதானே என்று எண்ணினாள். அந்த 'அவ்வளவுதானே'வைத் தாங்க முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து, வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதாள்.

சில நாள் கழித்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டு, "இப்படி ஆகும்னு யாருமே எதிர்பார்க்கலம்மா" என்றார்.

அம்மாதான் பேசினாள்.

"என் பொண்ணு எதிர்பார்த்தா. உங்ககிட்ட நின்னு சொல்லியிருக்கா. அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்துட்டா, என்னடின்னு கேட்டப்ப எங்கிட்டயும் சொன்னா. எனக்குப் புரியல, நான் படிக்காதவ. உங்களுக்குமா புரியல?"

கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

பூனை மேல் விசாரணை வைத்தார்கள். அனுமதியில்லாமல் நோயாளிகளின் பட்டியலைத் திறந்தது, ஓடிக்கொண்டிருந்த கோடை மாற்றியது. விசாரணை அறைக்குள் தந்தி கூப்பிடாமலே போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். படிக்கச் சொன்னதும் மாற்றச் சொன்னதும் தான்தான் என்றாள். பெயர் கட்டாயம் என்று எழுதியதும் தான்தான், பெயர் தெரியாத மனிதர்கள் மருத்துவமனைக்கு வருவார்கள் என்பது தனக்குத் தோன்றவே இல்லை என்றாள். பூனை குறுக்கிட்டு, "வாயைப் பொத்தினது நான்" என்றான். நீயா நானா என்று இருவரும் பழியை மாறி மாறி இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எதிரில் இருந்தவர்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பூனை எழுதிய மாற்றத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை. மேனேஜரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

தம்பியின் பொருட்களை வாங்க மருத்துவமனைக்குப் போனபோது, அன்று பட்டியலில் பெயர் இல்லாமல் இருந்த அந்த ஆள் எங்கே என்று நர்ஸிடம் கேட்டாள். அந்த மனிதர் மேல் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது. அறிவில்லாத கோபம் என்று தெரிந்தும் போகவில்லை. நர்ஸ் ஒரு கட்டிலைக் காட்டினாள். தலை முழுக்கக் கட்டு. நரைத்த மீசை. உதடு எதையோ மென்றுகொண்டிருந்தது.

"இன்னும் யாரும் வரல. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல."

திட்ட வேண்டும் என்று வந்தவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவர் போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தார். நர்ஸ் வந்து இழுத்துவிட்டாள். அவர் மறுபடி உதைத்தார். அந்த மனிதருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், அங்கே யாரோ போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தந்தி தம்பியின் செருப்பும் பெல்ட்டும் இருந்த பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனாள். வீட்டில் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. தம்பி போய்விட்டது தெரியாத யாராவது, லிஃப்ட் நின்றுவிட்டது என்று, அம்மாவின் போனுக்கு மாற்றி வைத்திருந்த அவன் நம்பருக்குப் போன் செய்வார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, யார், எந்தக் கட்டடம், உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கம்பெனி நம்பரைச் சொல்லிவிட்டு வைப்பாள். வைத்த பிறகு போனுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் தந்தி வரும்வரை எழுந்திருக்க மாட்டாள்.